சொல்தா வீட்டுப் பெண்ணும் எங்கள் நாலாம் வகுப்புக் கூச்சலும்

நம் பள்ளிக்கூட வாட்சப் குரூப்பில் போன வாரம் அந்தப் பழைய போட்டோ வந்தது. நடுவில் நாற்காலியில் ஹெட்மாஸ்டர், இரண்டு பக்கமும் வாத்தியார்கள், எண்ணெய் வழிகிற தலைகளோடு நாமெல்லாம். ஆளாளுக்கு "இது நானு, அது நீயி" என்று போட்டுக்கொண்டிருந்தீர்கள். நானும் சந்தோஷமாகத்தான் பார்த்தேன். அப்புறம் ஒருவர், பேரன் பேத்தி எடுத்த மனுஷர், ஓரத்தில் கை கட்டி நிற்கிற பெண்ணைக் காட்டி, "இது அந்த சைகோன் ஊமைப் பொண்ணு இல்ல?" என்று எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

வாய்ஸ் மெசேஜ் போட்டால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள் என்று தெரியும். அதனால் எழுதியே அனுப்புகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிரஷர் மாத்திரையை விழுங்கிவிட்டு, முழுசாகப் படியுங்கள். பாதியைப் படித்துவிட்டு 'சூப்பர்' போடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

சைகோனில் சண்டை முடிந்து, அங்கே பிழைக்கப் போயிருந்த நம் பக்கத்துக் குடும்பங்கள் திரும்பி வந்த வருஷம் அது. பாகூர் ஏரிக்குத் தெற்கே இருக்கிற நம் ஊருக்கு ஒரே ஒரு குடும்பம் வந்தது. அப்பாக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். நம் ஊரில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்றுதான் சொல்வோம். பூட்டிக் கிடந்த அவருடைய பூர்வீக வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. வாடகைக் காரிலிருந்து சொல்தா இறங்கினார். அவர் பின்னால் சைகோன்காரப் பெண்டாட்டி இறங்கினாள். அப்புறம் என் வயசில் ஒரு பெண், அவளுக்குக் கீழே ஒரு தம்பி. காரைச் சுற்றி ஊரே நின்றது. அந்த அம்மாள் தலையில் கூம்பு மாதிரி ஓலைத் தொப்பி இருந்ததால், நாற்று நடுகிறவர்களுக்கு அதைப் பின்னிக் கொடுப்பாளா என்று ஒரு கிழவர் கேட்டது ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. மேல் மூடி வழுக்கிக்கொண்டு திறக்கும். உள்ளே பென்சில், நிப்பு வைத்த கட்டைப் பேனா, பஞ்சில் சுற்றிய ஊதா மைப்புட்டி. சிலேட்டும் பலப்பமும் தவிர வேறெதையும் தொட்டறியாத நான் அந்தப் பெட்டியை மூடித் திறந்து மூடித் திறந்து பார்ப்பேன். மூடி போகும்போது ஒரு சத்தம் வரும், சப்பென்று. அந்தப் பெட்டி எங்கே போனது என்று இப்போது அவளுக்கே தெரியவில்லை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அவள் நன்றாகத் தமிழ் பேசுவாள். அப்பாவிடம் கற்ற தமிழ். "இன்னா", "வூடு", "குந்து" என்று அச்சு அசலாக நம் பேச்சு. பால்காரம்மாவிடம் பேரம் பேசுவது, கடையில் சாமான் கேட்பது, பக்கத்து வீட்டுச் சண்டையில் என்ன சொன்னார்கள் என்று வந்து ஒப்பிப்பது எல்லாம் அவள்தான். அம்மாக்காரிக்குத் தமிழில் "வா", "சாப்பிடு", "போதும்" தவிர ஒன்றும் வராது. சொல்தா காலையில் கழனிக்குப் போய்விட்டால் அந்த வீட்டுக்கு வாய் அந்தப் பெண் ஒருத்திதான்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தார்கள். டி.சி. கேட்டார் ஹெட்மாஸ்டர். சண்டை நடந்த ஊரிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர் எந்த டி.சி.யைக் கொண்டு வருவார்?

"வயசுக்கு நாலாவதுல குந்தவெக்கலாம். தமிழு பேசறா, எழுத்து பழகிடும். கணக்கு எந்த ஊர்லயும் ஒண்ணுதான். இங்கிலீசுதான் இடிக்குது. இங்க மூணாவதுலயே ஆரம்பிச்சிட்டோம். அது தெரியாம குந்தவெச்சா இன்ஸ்பெக்டர் என்னைத்தான் கேப்பாரு" என்றார் ஹெட்மாஸ்டர்.

"பிரெஞ்சுல நல்லா படிச்ச பொண்ணு சார்" என்றார் சொல்தா.

"அதெல்லாம் அந்தக் காலம், மிசே. இப்ப இங்கிலீசு. பொங்கல் லீவு வுடறதுக்கு முன்னால நானே படிக்கச் சொல்லிக் கேப்பேன். படிச்சா நாலாவது. இல்லன்னா தம்பி பக்கத்துல ஒண்ணாவது. அதுவரைக்கும் நாலாவதுல சும்மா குந்தட்டும், ரிஜிஸ்டர்ல பேரு ஏத்த மாட்டேன்."

மிசே என்று மரியாதையாகக் கூப்பிட்டதற்கெல்லாம் சொல்தா மசியவில்லை, நிமிர்ந்து நின்றார். "பத்து வயசுப் பொண்ண பொடிசுங்களோட குந்தவெக்க மாட்டேன் சார். அப்படி ஒண்ணு ஆச்சின்னா டவுன்ல கான்வென்ட் ஆஸ்டல்ல சேர்த்துடறேன். அங்க சிஸ்டருங்களுக்குப் பிரெஞ்சு தெரியும்."

வாசலில் நின்று இதைக் கேட்டவள் நான். பக்கத்து வீட்டுக்காரி என்பதற்காக என்னைத் துணைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். நாலாம் வகுப்பு வாத்தியார் அங்கேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "நீதானே பக்கத்து வூடு? நீயே சொல்லிக் குடு. எனக்கு அறுபது பேரக் கட்டி மேய்க்கறதே பெரும்பாடா இருக்குது." எனக்கு என்ன இங்கிலீஷ் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நம் வாத்தியார் இங்கிலீஷ் நடத்துகிற அழகை மறந்திருக்க மாட்டீர்கள். கையில் பிரம்பு இருக்கும். யாரையும் அடித்ததில்லை, பாவம், நல்ல மனுஷர். மேசையில் ஓங்கி ஒரு போடு போடுவார். உடனே நாம் ஓட்டுக்கூரை அதிர "தி கவ் ஈட்ஸ் கிராஆஆஸ்" என்று கத்துவோம். இன்னொரு போடு. "தி கவ் கிவ்ஸ் மீல்க்." மில்க்கில் ஒரு இழுப்பு உண்டு, தேரை வடம் பிடிக்கிற மாதிரி. மாடு புல் தின்று முடிப்பதற்குள் பக்கத்து மூன்றாம் வகுப்பும் நம்மோடு சேர்ந்துகொள்ளும். அந்தக் கூச்சலில் யாருக்குப் பாடம் தெரியும், யார் வெறுமனே வாயை அசைக்கிறார்கள் என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. பேர் சொல்லி ஒருவரைத் தனியாக எழுப்பிக் கேட்கிற வழக்கமே அங்கே கிடையாது. அதில்தான் நாம் எல்லோரும் பிழைத்தோம்.

அவள் முதல் நாளிலிருந்து கை கட்டி, முதுகு நிமிர்ந்து, வாத்தியாரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. புதுசு என்று வாத்தியார் விட்டுவிட்டார்.

சாயங்காலம் ஏரிக்கரையில் பாடம். மதகுக்குப் பக்கத்தில் பூவரச மரம் ஒன்று சாய்ந்து நிற்குமே, அங்கேதான். அவள், அவள் தம்பி, நான். மளிகைக்கடை பாயின் மகனும் வருவான். உங்களில் ஒருவன்தான், இப்போது பஹ்ரைனிலிருந்து தினமும் குட்மார்னிங் பூப்படம் அனுப்புகிறவன். ஐப்பசி மழைக்கு ஏரி தளும்பி நின்றது. சேற்று வாசனையும் வெட்டிய கரும்புச் சோகை வாசனையும் கலந்து வரும். நான் ஒரு பூவரசங்குச்சியை எடுத்துக் கல்லில் ஒரு போடு போடுவேன். "தி கவ் ஈட்ஸ் கிராஆஆஸ்." வேறு எப்படிச் சொல்லிக் கொடுப்பதென்று எனக்குத் தெரியாது.

அங்கே அவள் பேசினாள். கத்தினாள். சில நாளில் பசு மாட்டுப் பாடத்தை இழுப்பு உட்பட ஒப்பித்தாள். தம்பிக்காரன் அதைவிட மோசம், எருமைகள் மிரண்டு தண்ணீரில் இறங்குகிற அளவுக்குக் கத்துவான்.

"ஏ ஃபார் ஆப்பிள்" சொல்லிக் கொடுத்தபோது, "ஆப்பிள் துன்னிருக்கியா?" என்று கேட்டாள்.

எங்களில் யார் கண்டோம்? படத்தில் பார்த்ததோடு சரி.

"நான் துன்னிருக்கேன். கொய்யாவாட்டம்தான் இருக்கும். ஆனா தண்ணியா இருக்கும். பெரிசா ஒண்ணுமில்ல."

அவ்வளவு நாள் நாங்கள் தொண்டை கிழியக் கத்திய ஆப்பிள் அவ்வளவுதான் என்று தெரிந்ததில் எனக்கும் பாய் மகனுக்கும் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

பாய் மகன் கடையிலிருந்து சோப்பு அட்டை, பிஸ்கட் காகிதம், தகர டப்பா லேபிள் என்று கொண்டு வருவான். அவன் அதைப் படம் பார்க்கத்தான் கொண்டு வந்தான். அவளோ ஒரு டப்பாவைத் திருப்பி, அதிலிருந்த பொடி எழுத்தை விரல் வைத்து மெல்லச் சத்தம் போட்டுப் படித்தாள். பிரெஞ்சுக்கும் அதே எழுத்துதானாம், அதனால் கொஞ்சம் மூக்கால் வந்தது, ஆனாலும் படித்தாள். அது எந்தப் பாடத்திலும் இல்லாத வார்த்தை. "சும்மா அளக்கறா" என்றான் பாய் மகன். கடைக்கு ஓடி அவன் அப்பாவிடம் காட்டினோம். அவர் டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, "சரியாத்தான் படிக்குது பாப்பா. ஒங்களுக்கு இது யாருடா சொல்லிக் குடுத்தது?" என்றார். எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் விஷயம். எழுத்தைக் கூட்டினால் வார்த்தை வரும் என்பதே இங்கிலீஷைப் பொறுத்தவரை எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் அதுவரை இங்கிலீஷ் ஒரு பாட்டு என்று நினைத்திருந்தேன்.

இப்படிப்பட்டவள் வகுப்புக்குள் வந்தால் வாயைப் பூட்டிக்கொண்டாள். பிரம்பு மேசையில் விழும், நாம் கத்துவோம், அவள் கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்வாள். வாரங்கள் போயின. வாத்தியாருக்குப் பொறுமை போயிற்று. பிரம்பை அவள் இருந்த வரிசைப் பக்கம் நீட்டி, "இந்த வரிசை சொல்லு" என்பார். வரிசை கத்தும், அவள் மட்டும் கத்தமாட்டாள்.

"வூட்டாண்ட கிளி மாதிரி பேசுதுன்னு பால்காரம்மா சொல்லுது. இங்க மட்டும் இன்னா? திமிரு. வெளிநாட்டுத் திமிரு" என்றார்.

ஊரும் அதையே சொன்னது. திமிர் என்று சிலர், புத்தி மந்தம் என்று சிலர், சண்டைச் சத்தத்தில் பயந்து நாக்கு இழுத்துக்கொண்டது என்று சிலர். உங்களில் யாரோ அப்போது ஆரம்பித்ததுதான் 'ஊமை'. யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எனக்கும் கோபம் வந்தது. "ஏண்டி, கரையில அந்தக் கத்து கத்தறியே, அங்க இன்னாடி வந்துச்சு?" என்று கேட்டேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "சார் கேக்கட்டும், சொல்றேன்" என்றாள். தினமும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார் என்று நான் நினைத்தேன்.

மார்கழி பாதியில் ஒரு நாள் அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டோடு வந்தாள். தட்டில் விரல் நீளத்துக்குச் சுருட்டிப் பொரித்த ஏதோ. என் அம்மா சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாள். அவர்கள் தவளை தின்கிறவர்கள் என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் தட்டு நேராக மாட்டுத் தொட்டிப் பக்கம் போனது. அதற்குள் நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டேன். மொறுமொறுவென்று, உள்ளே இறாலும் முட்டைக்கோசும். இன்றுவரை அந்த ருசி எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. அன்றைக்கு எங்கள் மாட்டுக்குக் கொடுத்துவைத்திருந்தது.

அந்த அம்மாள் போகாமல் நின்றாள். என் தாடையைத் தொட்டாள். தன் மகள் இருக்கிற வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். பிறகு டவுன் பஸ் போகிற சாலையைக் காட்டினாள். அப்புறம் தன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். மகள் டவுனுக்குப் போய்விட்டால் தனக்கு வாய் இல்லை என்கிறாள். என் அம்மாவுக்கு அது புரியவில்லை, "பல்லு வலியா?" என்று கேட்டாள். எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து பொங்கலே வராமல் இருந்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டேன்.

பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் அவளைக் கூப்பிடப் போனேன். வேலிப்படலுக்கு அந்தப் பக்கம் ஏதோ விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. அவள் தலையில் வெள்ளைத் துண்டைப் போட்டுக் கன்னியாஸ்திரி ஆகியிருந்தாள். தம்பி கவிழ்த்த கூடைமேல் கை கட்டி உட்கார்ந்திருந்தான். அவள் அவனுடைய முழுப் பேரையும் சொன்னாள், குடும்பப் பேர் முன்னால், அவன் பேர் பின்னால். அவன் கட்டிய கையை அவிழ்த்து, எழுந்து, ஓர் அடி முன்னால் வந்து நின்று பதில் சொன்னான். திரும்பிப் போய்க் கை கட்டிக்கொண்டான். அடுத்த கேள்விக்கு அவன் பொறுக்காமல் உட்கார்ந்தபடியே "மில்க்!" என்று கத்தினான். உடனே அவள் அவனை முட்டி போடச் சொல்லிவிட்டாள்.

நான் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "சரியாத்தானேடி சொன்னான்? ஏன் முட்டி போட வெச்ச?"

"நான் கூப்புடவே இல்லியே."

"கூப்புடணுமா?"

"கூப்புடாம பேசினா முட்டிதான். அங்க அப்படித்தான். மாசேர் பேரு சொல்லிக் கூப்புட்டாதான் வாயத் தொறக்கணும்." மாசேர் என்பது அங்கே கன்னியாஸ்திரிகளுக்கு.

எனக்கு மெல்ல மெல்ல ஏதோ விளங்கத் தொடங்கியது. "அப்ப நம்ம சார் கேக்கும்போது?"

"அவரு எங்க கேக்கறாரு? நீங்கல்லாம் கூப்புடாமயே கத்தறீங்க. அவரும் தெனம் மேசைய அடிச்சி அடிச்சி அதட்டறாரு. அப்பறமும் அடங்காம கத்தறீங்க. எனக்கு பயமா கீது. ஒரு நாளைக்கி எல்லாரையும் முட்டி போடச் சொல்லப் போறாரு."

அத்தனை மாதமும் வாத்தியார் அவளை எப்போது கூப்பிடுவார் என்று கை கட்டிக் காத்திருந்திருக்கிறாள். ரிஜிஸ்டரில் பேர் ஏறாததால் ஆஜர் எடுக்கும்போதுகூட அவள் பேரை யாரும் சொன்னதில்லை. வாத்தியாருக்கு அவள் 'புதுசு', நமக்கு 'சொல்தா பொண்ணு'. "இங்க அப்படியெல்லாம் இல்லடி, சும்மா கத்தினா போதும்" என்று அடித்துச் சொன்னேன். தலையை ஆட்டினாள். அது நம்பின ஆட்டமாக இல்லை.

மறுநாள் காலையில் மணி அடிப்பதற்கு முன்பே வாத்தியாரிடம் ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் சைக்கிளை நிறுத்திக்கொண்டே கேட்டார். "பேரு சொல்லி, வெத்தல பாக்கு வெச்சிக் கூப்புடணுமாமா? நல்ல சாக்கு. போய் வரிசையில நில்லு." அடுத்த நாளிலிருந்து பொங்கல் லீவு என்பதால் அவருக்கு மனசு வேறெங்கோ இருந்தது.

மத்தியானம் ஹெட்மாஸ்டர் ரூமுக்குக் கூட்டிப்போனார்கள். சொல்லிக் கொடுத்தவள் என்பதால் நானும் போனேன். சொல்தா அந்த வெயிலில் கோட்டு போட்டு வந்திருந்தார். அம்மாக்காரி கோணல் மாணலாகப் புடவை கட்டி வாசப்படியில் நின்றாள். வாத்தியார் சுவரோரம். அவள் மேசைக்கு முன்னால் நிமிர்ந்து, கை கட்டி, உதட்டை இறுக்கிக்கொண்டு.

ஹெட்மாஸ்டர் புத்தகத்தைப் பசு மாட்டுப் பாடத்தில் விரித்து அவள் பக்கம் திருப்பினார். ரூல்தடியால் மேசையில் ஒரு தட்டு தட்டினார். "உம். ஆரம்பி."

அவள் கை இன்னும் இறுகியது.

"ஆரம்பிம்மா." இன்னொரு தட்டு, கொஞ்சம் பலமாக. அவள் தோள் ஒரு தரம் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, மிசே" என்றார் ஹெட்மாஸ்டர். சொல்தா தரையைப் பார்த்தார். வாசப்படியில் நின்ற அம்மாளுக்குச் சொன்னது புரியவில்லை, முகங்கள் புரிந்துவிட்டன. அவள் கை மெல்ல மேலே போய் வாயைப் பொத்தியது.

இங்கே ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். காலையில் சைக்கிள் பக்கத்தில் மூச்சு வாங்கச் சொன்னதைத் தவிர, அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அதுவரைக்கும் நான் தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கூட்டத்தோடு கத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். ஹெட்மாஸ்டர் ரூமில் பேசுவதா? ஆனால் அந்த அம்மாளின் கையைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவள் தம்பியைக் கூப்பிட்ட அதே தினுசில், குடும்பப் பேர் முன்னால், அவள் பேர் பின்னால், முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டேன். குரல் கீச்சென்று வந்தது. என் குரல் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. கட்டிய கையை அவிழ்த்தாள். ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"தி கவ் ஈட்ஸ் கிராஆஆஸ்."

நம் ராகம், நம் இழுப்பு, நாம் மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு. பாடம் முடிகிற வரைக்கும் நிறுத்தவில்லை. சுவரோரம் நின்ற வாத்தியாரின் கை, பிரம்பு இல்லாமலே, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ஹெட்மாஸ்டர் லேசுப்பட்டவரா? "மனப்பாடம்" என்று சொல்லி, சரக்கென்று புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். படகு படம் போட்ட பாடம். நாம் அந்தப் பாடத்தைத் தொட்டதுகூடக் கிடையாது. "இதைப் படி."

அவள் ஓர் அடி பின்னால் போய்க் கை கட்டிக்கொண்டாள்.

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். "இன்னா, மறுபடியும் நீதான் கூப்புடணுமா?"

"நீங்க கூப்புடணும் சார்" என்றேன்.

அவர் ரூல்தடியைக் கீழே வைத்தார். அப்புறம் சொல்தாவிடம், "பொண்ணு பேரு இன்னா சொன்னீங்க?" என்று கேட்டார். சொல்தா சொன்னார். ஹெட்மாஸ்டர் அதைத் துண்டு துண்டாக உடைத்து, நடுவில் ஒரு தரம் இடறி, ஒருவழியாகச் சொல்லிக் கூப்பிட்டார்.

அவள் முன்னால் வந்தாள். விரலை வைத்தாள். மெதுவாக, எழுத்தெழுத்தாகக் கூட்டி, மூக்கால் கொஞ்சம் பிரெஞ்சு கலந்து, படித்தாள். இரண்டு மூன்று இடத்தில் வாத்தியார் திருத்தினார், அவள் திருத்திக்கொண்டு மேலே போனாள். ராகம் இல்லை, இழுப்பு இல்லை. படகு கரைக்கு வந்து சேருகிறவரைக்கும் படித்தாள். அந்தப் பாடத்தை என்னால் படித்திருக்க முடியாது. உங்களாலும்தான்.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இத்தினி நாளா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"யாருமே என்னைக் கூப்புடலியே சார்" என்றாள் அவள்.

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே கரும்பு வண்டி போவதைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் நாலாம் வகுப்பு ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி, கடைசி வரியில் அவள் பேரைத் தன் கையாலேயே எழுதினார். எழுதும்போது ஒவ்வொரு எழுத்தாக அவளையே கேட்டு எழுதினார்.

அம்மாக்காரி வாசப்படியிலிருந்து அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டாள். அவள் திரும்பிப் பதில் சொன்னாள். என்ன சொன்னாளோ, அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். பழக்கத்தில் கை வாயைப் பொத்தப் போனது. பாதியில் கீழே இறங்கிவிட்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பொங்கலுக்கு நான் தின்ற கரும்பு மாதிரி இனிப்பான கரும்பு அப்புறம் விளையவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

லீவு முடிந்து வந்தால், வாத்தியார் ஆளே மாறியிருந்தார். பிரம்பு அலமாரிமேல் போய்விட்டது. ரிஜிஸ்டரை விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பேர் சொல்லி எழுப்பினார். எழுத்தைக் கூட்டிப் படிக்கச் சொன்னார். கூச்சலுக்குள் ஒளிந்துகொண்டிருந்த நம் வண்டவாளம் அந்த வாரத்திலேயே வெளியே வந்துவிட்டது. சாயங்காலத்தில் அதே பூவரச மரத்தடியில் நம்மையெல்லாம் உட்கார வைத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். அப்படியும் உங்களில் சிலருக்கு அவள்மேல் கோபம், அவளால்தான் நமக்கு இந்தக் கஷ்டம் என்று. ஊமை என்ற பேர் அதற்குப் பிறகும் ஒட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்பது என் கணக்கு.

இப்போது அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது பொங்கலுக்கு முன்னால் எடுத்தது. முதுகு நிமிர்ந்து, கை கட்டி, நேராகப் பார்க்கிறாளே, அது திமிர் இல்லை, பயம் இல்லை, ஊமையும் இல்லை. முறை வரும் என்று காத்திருக்கிற முகம்.

அவள் வில்லியனூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். மாதம் ஒரு தரமாவது பேசிக்கொள்வோம், போனை வைக்க விடமாட்டாள். நேற்று கூப்பிட்டு, நீங்கள் போட்டதைப் படித்துக் காட்டினேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். குரூப்பில் சேருகிறாயா என்று கேட்டேன். "கூப்புட்டா வர்றேன்னு சொல்லு" என்றாள்.

அட்மினுக்கு அவள் நம்பரை அனுப்பிவிட்டேன். சேர்த்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் 'ஹாய்' என்று பாயாதீர்கள், பூப்படமும் வேண்டாம். யாராவது ஒருவர் முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடுங்கள். பேரை இங்கே நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. உங்களில் பாதிப் பேருக்கு அது இன்னும் தெரியாது, எனக்குத் தெரியும். என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். நீங்கள் கூப்பிடுங்கள். மற்றதை அவள் பேசிக்கொள்வாள்.